பைக் இன்ஜினுக்குள் போல்ட் விழுந்துவிட்டது. இன்ஜினைப் பிரிக்காமல் எடுக்க வழி உண்டா?

பெரும்பாலும் உண்டு. ஆனால் இதைப் படித்து முடிக்கும்வரை செல்ஃப் பட்டனையும் கிக்கரையும் தொடாதீர்கள். சாவியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். வண்டி கியரில் நின்றால் பின் சக்கரத்தை யாரும் அசைக்கக் கூடாது, அசைத்தால் உள்ளே கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) சுற்றும். விழுந்த போல்ட் தானாக எந்தக் கெடுதலும் செய்யாது, இன்ஜின் சுற்றினால்தான் செய்யும். ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டர் கொடுக்காமல் ஓடும்போது, நிமிடத்துக்கு 1400 சுற்று என்று வைத்தாலே பிஸ்டன் ஒரு நொடியில் 23 தடவை மேலே வந்து போகிறது. 'ஸ்டார்ட் ஆகிறதா என்று மட்டும் பார்த்துவிடுகிறேன்' என்கிற அந்த ஒரு நொடி போதும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒற்றை சிலிண்டர் வண்டி ஒன்றில் டைமிங் செயின் மாற்றிக்கொண்டிருந்தேன். டைமிங் செயின் என்பது கிராங்கையும், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டையும் இணைக்கும் செயின். ஹெட்டின் (சிலிண்டரின் மேல் பாகம்) பக்க மூடியைத் திறந்தால் கேம் ஷாஃப்டின் பல்சக்கரம், அதைப் பிடித்தபடி இரண்டு சின்ன போல்ட்டுகள். முதலாவது பத்திரமாகக் கைக்கு வந்தது. இரண்டாவது சாக்கெட்டின் வாயிலிருந்து நழுவி, செயின் இறங்கும் குழிக்குள் போய்விட்டது. 'டிங்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் கீழே இன்னொன்று, பிறகு எதுவும் இல்லை. அந்தக் குழியின் வாயில் ஒரு துணியை அடைத்துவிட்டு வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும். அன்று அடைக்கவில்லை. அடிவயிறு கலங்கியது இன்றும் நினைவிருக்கிறது.

அந்தச் சத்தம் முக்கியம். எத்தனை தடவை கேட்டது, எங்கிருந்து வந்தது என்று உடனே ஒரு தாளில் எழுதிவையுங்கள். அரை மணி நேரத்தில் மனது வேறு கதை சொல்ல ஆரம்பித்துவிடும்.

அடுத்து வெளியே தேடுங்கள். விழுந்தவை எல்லாம் உள்ளேதான் போயிருக்க வேண்டும் என்று இல்லை. சிலிண்டரைச் சுற்றியுள்ள குளிர்விப்புத் தகடுகளின் இடுக்கு, சேசிஸின் மடிப்பு, வண்டிக்கு அடியில், உங்கள் சட்டை மடிப்பு, எல்லா இடத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளியே கிடக்கும் போல்ட்டுக்காக இன்ஜினைத் திறப்பது வேதனை. வெளியே எங்கும் இல்லை என்பது உறுதியாகாமல் உள்ளே கை வைக்க வேண்டாம்.

பிறகு, விழுந்தது காந்தத்தில் ஒட்டும் பொருளா என்று பாருங்கள். அதே மாதிரி இன்னொன்று கையில் இருந்தால் அதை வைத்துச் சோதிக்கலாம். இரும்பு போல்ட், நட்டு, பிஸ்டன் பின்னின் லாக் எல்லாம் ஒட்டும். அலுமினியம், செம்பு வாஷர், பித்தளை, ரப்பர், ஸ்பார்க் பிளக்கின் பீங்கான் துண்டு ஒட்டாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் பல வகைகளும் சரியாக ஒட்டாது. என் கையில் முதல் போல்ட் இருந்தது, காந்தத்தில் பட்டென்று ஒட்டியது. பாதி உயிர் திரும்பி வந்தது.

தேவைப்பட்டவை இரண்டே பொருட்கள்: ஏரியல் மாதிரி நீளும் காந்தக் குச்சி, போனில் இணைக்கிற மெல்லிய எண்டோஸ்கோப் கேமரா. கேமரா இல்லாமல் குச்சியை மட்டும் விட்டுத் துழாவுவதை நான் விரும்புவதில்லை. எட்டும் இடத்தில் நிற்கிற போல்ட்டை நாமே இடித்து இன்னும் கீழே தள்ளிவிடுவோம். உள்ளே எல்லாம் ஆயிலில் மினுமினுக்கும், எதைப் பார்த்தாலும் போல்ட் போலவே தெரியும். லென்ஸைத் துடைத்துத் துடைத்துப் பொறுமையாகப் பார்த்தேன். கிராங்கில் இருக்கும் சின்னப் பல்சக்கரத்துக்கு அருகே, சுவரின் ஒரு விளிம்பில் சாய்ந்தபடி அந்த அறுகோணத் தலை தெரிந்தது. இன்னொரு அரைச் சுற்று கிராங்க் சுற்றியிருந்தால் செயின் அதைப் பல்லுக்கும் சுவருக்கும் நடுவே இழுத்திருக்கும்.

காந்தக் குச்சியை இறக்கினால் அது போல்ட்டிடம் போவதற்குள் செயினில் ஒட்டிக்கொள்கிறது. குழியின் சுவர் அலுமினியம், அதனால் தொல்லை இல்லை. செயின் இரும்பு. பிடுங்கி இறக்கினால் மறுபடி ஒட்டும். குச்சி நுழையும் அளவுள்ள பிளாஸ்டிக் குழாய் ஒன்றை அதன் மேல் மாட்டினேன், காந்தத்தின் முனை மட்டும் தெரியும்படி. குழாயின் மறுமுனை இன்ஜினுக்கு வெளியே என் கையில் இருக்கும் அளவுக்கு நீளமாக எடுத்துக்கொண்டேன். உள்ளே கழன்று தங்கிவிடக்கூடிய எதையும் இந்த நேரத்தில் உள்ளே விடக் கூடாது. முனையில் சூயிங்கம், டேப் என்று ஒட்டி இறக்குவதை நான் எதிர்ப்பதும் இதனால்தான்.

முதல் தடவை போல்ட் குறுக்குவாட்டில் ஒட்டி மேலே வந்து, செயினைத் தாங்கி நிற்கும் கைடில் இடித்து விழுந்தது. இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை காந்தத்தைத் தலையின் நடுவில் பதித்து, போல்ட் நிமிர்ந்து தொங்குவதைக் கேமராவில் பார்த்த பிறகே தூக்கினேன். வந்துவிட்டது. மொத்தம் மூன்று மணி நேரம் ஆகியிருக்கும்.

இந்த வேலை முழுக்க டைமிங் செயினை ஒரு கம்பியில் கட்டி மேலே தொங்கவிட்டிருந்தேன். அது நழுவி உள்ளே சரிந்தால் இன்னொரு தலைவலி.

உங்களுடையது விளிம்பில் நிற்காமல் அடிவரை போயிருந்தால் ஆயிலை இறக்குங்கள். டிரெய்ன் போல்ட் துளை அகலமாக இருந்தால் ஆயிலோடு சேர்ந்து வரலாம். ஒரு துணியில் வடிகட்டிப் பிடியுங்கள். வராவிட்டால் அந்தத் துளை வழியாகக் காந்தத்தை விட்டுப் பாருங்கள். அதிலும் சிக்கவில்லையா, கிளட்ச் கவரையோ மேக்னட் கவரையோ கழற்றுங்கள். செயின் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது நல்லது. கவரைக் கழற்றுவதை இன்ஜினைப் பிரிப்பதாக நினைத்துப் பயப்படாதீர்கள். புதிய பேக்கிங் ஒன்று, ஒரு மாலை நேரம், அவ்வளவே. மேக்னட் பக்கம் பார்க்கும்போது கிராங்க் முனையில் சுற்றும் ஃப்ளைவீலின் உட்புறத்தையும் மறக்காமல் பாருங்கள். அங்கே இருக்கும் காந்தம் சின்ன இரும்புத் துண்டை இழுத்து வைத்துக்கொள்ளும்.

ஸ்பார்க் பிளக் துளை வழியாக விழுந்தது என்றால் கதை வேறு. அது பிஸ்டனின் தலையில் உட்கார்ந்திருக்கும். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதற்கும் ஹெட்டுக்கும் நடுவே, ஓரங்களில், பல இன்ஜின்களில் ஏறக்குறைய 1 மி.மீ. இடைவெளிதான். 6 மி.மீ. போல்ட்டுக்குப் போடும் சாதாரண வாஷரின் தடிமனே 1.6 மி.மீ. அது நசுங்கினால் பிஸ்டனில் பள்ளம் விழும், வால்வின் அடியில் மாட்டினால் வால்வு வளையும். பிஸ்டன் அலுமினியம் என்பதால் காந்தக் குச்சி இங்கே சுலபமாக வேலை செய்யும். பொருள் ஆழத்தில் இருந்தால் பிஸ்டனைக் கொஞ்சம் மேலே கொண்டுவரத் தோன்றும். கேமராவில் பார்த்தபடி, கையால், மெதுவாகச் செய்யலாம். லேசாகத் தடுத்தாலும் நிறுத்திவிட வேண்டும். சுற்றும்போது வால்வும் திறக்கும், திறந்த வால்வு வழியாகப் பொருள் நழுவக்கூடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

காந்தத்தில் ஒட்டாத பொருள் என்றால், ஸ்பிரிங் விரல்கள் உள்ள மெல்லிய பிடிப்பானைக் கேமரா உதவியுடன் முயலலாம். வாக்குவம் கிளீனரின் வாயில் ஒல்லியான குழாயைப் பொருத்தி உறிஞ்சியும் எடுக்கலாம். பெட்ரோல் ஆவி முழுவதும் போன பிறகு மட்டும். கம்ப்ரஸர் காற்றை அடித்து வெளியே பறக்கவிடச் சொல்வார்கள். கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று யோசித்து நான் அதைச் செய்ததில்லை. ஒரு மணி நேரம் முயன்றும் வரவில்லை என்றால் ஹெட்டை இறக்குங்கள். ஹெட் கேஸ்கட்டின் விலை பிஸ்டனின் விலையை விடக் குறைவு.

'அடியில் போய்க் கிடக்கும், ஆயில் வலை தடுத்துவிடும், அப்படியே ஓட்டுங்கள்' என்று சிலர் உங்களிடம் சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். வலை காப்பாற்றுவது ஆயில் பம்பை மட்டும்தான். வளைவில் வண்டி சாயும்போதும் பிரேக் அடிக்கும்போதும் போல்ட் நகரும். கியர் பற்களுக்கு நடுவே அது அகப்பட்டால் கிராங்க் கேஸே உடையலாம், ஓடும்போது பின் சக்கரம் பூட்டிக்கொள்ளலாம். ஓட்டுபவரின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

எடுத்த பிறகும் உடனே ஸ்டார்ட் செய்ய வேண்டாம். போல்ட் முழுசாக வந்ததா, முனை உடைந்திருக்கிறதா என்று ஜோடி போல்ட்டோடு வைத்துப் பாருங்கள். கிராங்கிலும் கேம் பல்சக்கரத்திலும் உள்ள டைமிங் குறிகள் சேர்கின்றனவா என்று சரிபார்த்து, எல்லாவற்றையும் மாட்டிய பின், பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு முழுச் சுழற்சிக்கு அந்த இரண்டு சுற்று வேண்டும். எங்கும் இடிக்காமல் சுற்றினால் ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்யலாம்.

என்ன வண்டி, எந்தத் துளை வழியாக விழுந்தது, சத்தம் எத்தனை தடவை கேட்டது என்று கருத்தில் எழுதுங்கள். எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கலாம் என்று சொல்கிறேன்.