மாமனார் போட்ட வாட்ச் மறுபடி கிடைக்குமா?

கேள்வி: என் அப்பா ஓய்வுபெற்ற தபால்காரர். 1982-ல் கல்யாணத்தின்போது தாத்தா அவருக்கு எச்.எம்.டி. ஜனதா வாட்ச் போட்டார். வெள்ளை டயல், சாவி கொடுக்கும் வாட்ச். அது எப்போதோ தொலைந்துபோனது. வருகிற தை மாதம் அப்பாவுக்கு எழுபது வயது நிறைகிறது. அதே மாதிரி ஒன்று வாங்கிக் கொடுக்க ஆசை. பழைய வாட்ச் சேகரிப்பவர்களின் முகநூல் குழுவில் ‘ஜனதா தேவை’ என்று எழுதினேன். அரை மணி நேரத்தில் ஒருவர் இன்பாக்ஸில் வந்தார். கோயம்புத்தூர்க்காரராம். ‘பழைய ஸ்டாக், கையில் கட்டாதது, 3,800 ரூபாய்’ என்று இரண்டு படம் அனுப்பினார். முழுப் பணத்தையும் ஜிபேயில் போட்டால் மறுநாளே கூரியர் அனுப்புவாராம். இன்னும் படம் கேட்டால், ‘நம்பிக்கை இல்லைன்னா விடுங்க மேடம், ரெண்டு பேர் கேட்டுட்டு இருக்காங்க’ என்கிறார். படங்களை இணைத்திருக்கிறேன். பணம் அனுப்பலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தூத்துக்குடி

பதில்:

அன்புள்ள சகோதரி,

அனுப்பாதீர்கள். இந்த வாட்சுக்கு, இந்த ஆளுக்கு, இந்த முறையில் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். ஆனால் தேடுவதை விட்டுவிடாதீர்கள். பழைய ஜனதா ஒன்றும் கிடைக்காத பொருள் இல்லை. எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து 1961-ல் பெங்களூரில் கைக்கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியது. அதன்பின் பல வருடங்களுக்கு இந்தியாவில் மாப்பிள்ளை கையில் ஏறிய வாட்ச் பெரும்பாலும் அவர்களுடையதுதான். 2016-ல் மத்திய அரசு அந்த வாட்ச் கம்பெனியை மூட முடிவெடுத்த பிறகு, சேகரிப்பவர்கள் கூடினார்கள், விலை ஏறியது, கூடவே போலிகளும் பெருகின. நல்ல வாட்சுகள் இன்றும் பீரோக்களிலும் ரிப்பேர் கடைகளிலும் இருக்கத்தான் செய்கின்றன. ‘இதை விட்டால் வேறு கிடைக்காது’ என்ற பதற்றம் உங்களுக்குத் தேவையே இல்லை.

நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் படத்தில் டயல் பளிச்சென்ற வானநீலம். இரண்டாவது படம் பின்மூடி. முதல் படத்தில் இருக்கும் சாவித் திருகு பெரியது, பல் தேய்ந்தது. இரண்டாவதில் இருப்பது சின்னது, புதுசு. ஒரே வாட்சின் முன்னும் பின்னும் இப்படி இருக்க முடியாது. இவை இரண்டு வெவ்வேறு வாட்சுகளின் படங்கள். அனேகமாக இரண்டுமே வேறு யாரோ எடுத்தவை. அடுத்து, கையில் கட்டாதது என்கிறார். ஆனால் ஸ்ட்ராப் மாட்டும் காதுகளின் உள்பக்கம் வரிவரியாகக் கீறல் இருக்கிறது. பல வருடம் ஸ்ட்ராப் கழற்றி மாட்டினால்தான் அந்த இடத்தில் அப்படிக் கீறல் விழும்.

அந்த நீல டயலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இனி நீங்கள் பார்க்கப்போகும் பத்து வாட்சில் பாதி இப்படித்தான் இருக்கும். பழைய டயலைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பெயின்ட் அடித்து, எழுத்து அச்சிடுவதை சேகரிப்பவர்கள் ரீடயல் என்பார்கள். நீலம், ஆரஞ்சு, கிளிப்பச்சை என்று கண்ணைப் பறிக்கும் நிறத்தில் வருகிறவற்றுக்கு ‘மும்பை ஸ்பெஷல்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. முள் குத்தியிருக்கும் நடு ஓட்டையைச் சுற்றிப் பெயின்ட் திரண்டு நிற்கும். எச்.எம்.டி. என்ற எழுத்தின் ஓரம் கசிந்திருக்கும். சுற்றிலும் உள்ள நிமிடக் கோடுகள் மணிக் கோடுகளுக்கு நேராக வராமல் கொஞ்சம் விலகி நிற்கும். டயலின் அடிவிளிம்பில் இருக்க வேண்டிய பொடி எழுத்து காணாமல் போயிருக்கும், அல்லது வாசிக்க முடியாதபடி இருக்கும். முள்ளையும் பாருங்கள். நிமிட முள் நிமிடக் கோட்டைத் தொடாமல் குட்டையாக நின்றால், வேறு வாட்சின் முள்ளை எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

ரீடயல் வாங்குவதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். மெஷின் நன்றாக இருந்து, ‘இது ரீடயல்தான்’ என்று விற்பவரே சொல்லி, அதற்கேற்ற விலையும் கேட்டால், தினம் கட்டிக்கொள்ள தாராளமாக வாங்கலாம். ஒரிஜினல் என்று சொல்லி ஒரிஜினல் விலைக்கு விற்பதுதான் ஏமாற்று. அப்பாவின் நினைவுக்காக வாங்குகிற நீங்கள், நிறம் மங்கினாலும் லேசாகக் கறை பிடித்திருந்தாலும் பெயின்ட் படாத வெள்ளை டயலையே தேடுங்கள் என்பது என் ஆசை.

சரி, விற்பவரிடம் என்ன கேட்பது? உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது, அந்த ஆள் ‘நம்பிக்கை இல்லைன்னா விடுங்க’ என்றதும் நீங்கள் கூசிப்போனதுதான். இன்னும் படம் கேட்பது யாரையும் அவமதிப்பது ஆகாது. ஒழுங்காகச் சேகரிக்கிற ஆள் தன் வாட்சைப் பத்துக் கோணத்தில் படமெடுத்துக் காட்டச் சலிக்கவே மாட்டார். கேட்டால் சந்தோஷப்படுவார், கூடவே நீங்கள் கேட்காத கதையையும் சொல்வார். அடுத்த ஆளிடம் இப்படி எழுதுங்கள்:

‘வணக்கம் சார். வாட்ச் பிடித்திருக்கிறது. ஒரு காகிதத்தில் இன்றைய தேதியையும் என் பெயரையும் கையால் எழுதி, அதன் பக்கத்தில் வாட்சை வைத்து, வெட்டாமல் ஒரு நிமிட வீடியோ எடுத்து அனுப்புங்கள். அதில் சாவி கொடுப்பதும், முள்ளை 4.35-க்குத் திருப்புவதும், பின்மூடி திறந்து மெஷின் ஓடுவதும் தெரிய வேண்டும். டயலில் ரீடயல் வேலை, மாற்றிய பாகம் ஏதாவது இருந்தால் சொல்லிவிடுங்கள்.’

வீடியோ கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. படத்தில் பெயரையும் தேதியையும் ஒட்டுவது இன்று போனிலேயே ஒரு நிமிட வேலை. ஓடுகிற வீடியோவில் நீங்கள் சொன்ன நேரத்துக்கு முள் திரும்புவதை அவ்வளவு சுலபமாகச் செய்ய முடியாது. வீடியோ கால் என்றால் இன்னும் நல்லது. பின்மூடி திறக்கும் கருவி எல்லோர் வீட்டிலும் இருக்காது, எனவே ‘நாளைக்குக் கடையில் திறந்து காட்டுகிறேன்’ என்று ஒருவர் சொன்னால் அது நியாயமான பதில், பொறுத்திருங்கள். மெஷினில் துரு இருக்கிறதா, திருகுகளின் தலை சிதைந்திருக்கிறதா, ஒரு தகடு மங்கலாகவும் இன்னொன்று பளபளப்பாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் இரண்டு மூன்று வாட்சுகளைப் பிரித்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். முழுச் சாவி கொடுத்தால் ஒரு நாளுக்கு மேல் ஓட வேண்டும். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆளைப் பற்றியும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். ‘தேவை’ என்று எழுதுகிறவர்களைத் தேடி இன்பாக்ஸுக்கு வருவதுதான் ஏமாற்றுக்காரர்களின் வழக்கம். குழுவில் வெளிப்படையாக விற்றால் விஷயம் தெரிந்தவர்கள் நாலு பேர் கேள்வி கேட்பார்கள், அதனால்தான் தனியாக வருகிறார்கள். எனவே யார் வந்தாலும், ‘குழுவிலேயே பதிவு போடுங்கள், அங்கே வாங்கிக்கொள்கிறேன்’ என்று சொல்லுங்கள். அவர் அதற்கு முன் குழுவில் என்ன எழுதியிருக்கிறார், யாருக்கு விற்றிருக்கிறார் என்று பாருங்கள். அவரே தருகிற சாட்சிகள் வேண்டாம், பழைய பதிவுகளின் கீழே ‘வந்து சேர்ந்தது’ என்று எழுதியவர்களை நீங்களாகத் தேடிக் கேளுங்கள். குழுவில் நல்ல பெயர் எடுத்த ஒருவரின் பெயரையும் படத்தையும் அப்படியே திருடி வருகிறவர்களும் உண்டு, எனவே இன்பாக்ஸில் வந்த கணக்கும் குழுவில் இருக்கும் கணக்கும் ஒன்றுதானா என்று திறந்து பாருங்கள். படங்களை கூகுள் லென்ஸில் போட்டால், திருடிய படமாக இருந்தால் பல சமயம் அங்கேயே மாட்டிக்கொள்ளும். அப்புறம், ராணுவ அடையாள அட்டையை அனுப்பி ‘நான் ஆர்மி, பொய் சொல்ல மாட்டேன்’ என்று ஆரம்பித்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். இது நாடு முழுக்க நடக்கிற பழைய மோசடி.

பணம் கொடுக்க நேரில் கொடுப்பதைவிட நல்ல வழி கிடையாது. விற்பவரின் ஊரில் உறவினரோ, தோழியோ, உடன் வேலை பார்த்தவரோ இருந்தால் உதவி கேளுங்கள். சந்திக்கிற இடம் அந்த ஊர் வாட்ச் ரிப்பேர் கடையாக இருக்கட்டும். கடைக்காரருக்கு ஒரு சிறு தொகை கொடுத்தால் மூடியைத் திறந்து, கண்ணில் லென்ஸை மாட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவார். உண்மையான ஆள் இதற்கு மறுப்புச் சொல்லக் காரணமே இல்லை.

நேரில் முடியாது, விசாரித்ததில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றால், பாதி முன்பணம், கூரியர் ரசீதும் டிராக்கிங் எண்ணும் வந்த பிறகு மீதி என்று பேசிப் பாருங்கள். யூ.பி.ஐ.யில் பணம் போவதற்கு முன் திரையில் வருகிற வங்கிக் கணக்குப் பெயரும் அவர் சொன்ன பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ‘மச்சான் அக்கவுண்ட்’ எல்லாம் வேண்டாம். நீங்களாக பின் நம்பர் போட்டு அனுப்பிய பணத்தைத் திரும்பப் பெறுவது மிகவும் கஷ்டம். ‘ரீஃபண்ட் அனுப்புகிறேன், இந்த கியூஆரை ஸ்கேன் செய்து பின் போடுங்கள்’ என்றால் அது இரண்டாவது திருட்டு. பணம் பெறுவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. பொருள் வந்ததும் பணம் என்கிற முறையையும் முழுதாக நம்ப வேண்டாம், பெரும்பாலும் பணம் கட்டிய பிறகுதான் பார்சலைப் பிரிக்க விடுவார்கள். பிரிக்கும்போது ஒட்டிய பார்சலில் தொடங்கி வாட்ச் வெளியே வரும்வரை வீடியோ எடுத்து வையுங்கள்.

இவ்வளவு எச்சரிக்கை ஏன் என்றால், தனி ஆளிடம் வாங்கும்போது சட்டத்தின் பாதுகாப்பு கொஞ்சம் மெலிதுதான். 2020-ல் வந்த மின்வணிக நுகர்வோர் விதிகள், வியாபாரமாகச் செய்யாமல் சொந்தப் பொருளை விற்கிற தனிமனிதருக்குப் பொருந்தாது. ஆனால் மோசடி என்றால் அது குற்றம், போலீசுக்குப் போகலாம். பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். வெட்கப்பட்டு ஒரு நாள் தள்ளிப்போட்டால், அந்தப் பணம் வேறு கணக்குகளுக்குக் கைமாறிவிடும். பேசிய உரையாடலை அழிக்காமல் வைத்திருங்கள்.

இத்தனைக்கும் முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். தூத்துக்குடியிலேயே பழைய ரிப்பேர் கடைகள் இரண்டு மூன்றில் ஏறி, ‘ஜனதா, வெள்ளை டயல் இருக்கா அண்ணாச்சி?’ என்று கேளுங்கள். சர்வீஸுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வராதவர்களின் வாட்சுகளும், வீட்டைக் காலி செய்தவர்கள் விற்றவையும் அந்த மேசை இழுப்பறைகளில்தான் கிடக்கும். அங்கே காதில் வைத்துக் கேட்டு, கையில் கட்டிப் பார்த்து வாங்கலாம். விற்றவரே உதிரி பாகமும் போட்டுத் தருவார்.

எங்கே வாங்கினாலும் அப்பாவிடம் கொடுக்கும் முன் ஒரு முறை பிரித்துக் கழுவி எண்ணெய் போடச் சொல்லுங்கள். பல வருடம் ஓடாத மெஷினில் எண்ணெய் காய்ந்து போயிருக்கும், அப்படியே சாவி கொடுத்து ஓட்டினால் சக்கரங்கள் தேயும். டயலில் ‘பாரா ஷாக்’ என்று எழுதியிருப்பது அதிர்ச்சி தாங்குவதற்கு, தண்ணீர் தாங்குவதற்கு அல்ல. சர்வீஸ், பிறகு சில நாள் ஓட விட்டு நேரம் சரிபார்ப்பது, ஸ்ட்ராப் வாங்குவது என்று இரண்டு வாரமாவது ஆகும். எனவே மார்கழி பிறப்பதற்குள் வாட்ச் உங்கள் கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.