பிடிக்கவில்லை என்பதும் வெளியிடாதே என்பதும்

கேள்வி: உங்கள் இதழில் வந்துகொண்டிருக்கும் திகில் தொடரின் நான்காம் அத்தியாயத்தில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் கிணற்றடியில் இறந்துகிடக்கிறான். அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை, நிறுத்திவிட்டேன். வீட்டில் எல்லோரும் படிக்கும் பத்திரிகையில், நம் பண்பாட்டுக்கு ஒவ்வாத இவ்வளவு இருண்ட கதை எதற்கு? இப்படியெல்லாம் கற்பனை செய்கிறவருக்கு மனம் சரியாக இருக்குமா? கொலையையும் பேயையும் படித்து வளரும் பிள்ளைகள் என்ன ஆவார்கள்? தொடரை நிறுத்துங்கள்; இல்லாவிட்டால் நான் சந்தாவை நிறுத்த வேண்டியிருக்கும்.
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு கருத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கதை உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பது ஒன்று. அதைச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. பிறரும் அதைப் படிக்கக் கூடாது என்பது மற்றொன்று. அதைச் சொல்ல முன்வருகிறவர் கதையை முழுவதும் படித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகமில்லை. நான்காம் அத்தியாயத்தோடு நிறுத்திவிட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சிறுவன் எப்படி இறந்தான், ஊரில் இருந்த அத்தனை பெரியவர்களும் அதை ஏன் வாய்திறக்காமல் மூடி மறைத்தார்கள் என்பதெல்லாம் ஐந்தாம் அத்தியாயத்தில்தான் தொடங்குகிறது.

இருண்ட கதையைப் படித்துவிட்டு வாசகர்கள் என்ன எழுதுவார்கள் என்பதற்கு, எழுதியவரே கணக்கு வைத்திருந்த ஒரு நிகழ்வு இருக்கிறது. 1948 ஜூன் 26ஆம் தேதியிட்ட ‘நியூயார்க்கர்’ என்ற அமெரிக்க இதழில் ஷர்லி ஜாக்சன் என்ற எழுத்தாளர் எழுதிய ‘தி லாட்டரி’ என்ற சிறுகதை வெளியாயிற்று. சுமார் 300 பேர் வாழும் ஒரு சிற்றூர். ஜூன் 27ஆம் தேதி, நல்ல வெயில் அடிக்கும் காலை நேரம். சிறுவர்கள் வழவழப்பான கற்களாகப் பொறுக்கிச் சட்டைப்பையில் நிரப்பிக்கொள்கிறார்கள். ஆண்கள் மழை, டிராக்டர், வரி என்று பேசிக்கொண்டு நிற்கிறார்கள். நிலக்கரி வியாபாரம் செய்யும் ஒருவர் பழைய கறுப்புப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து முக்காலியின் மேல் வைக்கிறார். குடும்பத்துக்கு ஒருவராக வந்து சீட்டு எடுக்கிறார்கள். கறுப்புப் புள்ளி விழுந்த குடும்பத்துக்குள் மறுபடியும் குலுக்கல் நடக்கிறது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்ததில் அன்று குலுக்கல் நாள் என்பதையே மறந்துபோய்க் கடைசியாக ஓடிவந்த டெஸி என்ற பெண்ணின் கையில் அந்தச் சீட்டு வந்துசேர்கிறது. ஊரார் அவளைக் கல்லால் அடிக்கத் தொடங்குகிறார்கள். மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பும்படி வேலையை முடித்துவிடுவதுதான் அவ்வூர் வழக்கம்.

இதில் ஒரு சொட்டு ரத்தம்கூடக் காட்டப்படவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். சற்று முன்பு டெஸியோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி, இரண்டு கைகளாலும் தூக்க வேண்டிய அளவுக்குப் பெரிய கல்லாகத் தேர்ந்தெடுக்கிறாள். டெஸியின் கடைக்குட்டி மகன் கையிலும் யாரோ சில கூழாங்கற்களைக் கொடுக்கிறார்கள். இந்த இரண்டு வரிகளைத் தாண்டி எழுத்தாளர் நம்மைப் பயமுறுத்த எதுவும் செய்யவில்லை. பேய் இல்லை, நள்ளிரவு இல்லை, கத்தி இல்லை.

அந்தக் கோடையில் ஜாக்சனுக்கு 300க்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்தன. அவற்றில் தம்மிடம் அன்பாகப் பேசியவை 13 மட்டுமே என்றும், அவையும் பெரும்பாலும் நண்பர்கள் எழுதியவை என்றும் பின்னாளில் அவர் ஓர் உரையில் குறிப்பிட்டார். அவருடைய தாயாரே தமக்கும் கணவருக்கும் கதை கொஞ்சமும் பிடிக்கவில்லை என்று எழுதினார். வந்த கடிதங்களை ஜாக்சன் மூன்று வகையாகப் பிரித்தார்: திகைப்பு, ஊகம், வெறும் வசவு. மூன்றிலும் சேராத ஒரு வகையும் அந்தக் கடிதக் கட்டில் இருந்தது. இப்படிப்பட்ட குலுக்கல் எந்த ஊரில் நடக்கிறது, நாங்களும் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டவர்கள் அவர்கள். அக்காலத்து ‘நியூயார்க்கர்’ கதை எது, கட்டுரை எது என்று தெளிவாகப் பிரித்துக் காட்டாததும் இந்தக் குழப்பத்துக்குத் துணைபோயிற்று. போதாக்குறைக்கு, கதையில் வரும் தேதி இதழின் தேதியோடு ஒத்துப்போகும்படி மாற்றச் சொன்னதே பத்திரிகைதான். அவர்கள் கேட்ட ஒரே திருத்தம் அதுதான். அந்த ஆசிரியரின் சாமர்த்தியத்தை நினைத்து ஒரு சக ஆசிரியனாகப் பொறாமைப்படுகிறேன்.

சந்தாவை நிறுத்துவேன் என்றவர்கள் அங்கேயும் இருந்தார்கள். ஆனால், என் கணிப்பில், ‘நாங்களும் பார்க்கலாமா’ என்று கேட்டவர்களைவிட வசை பாடியவர்கள் கதைக்கு நெருக்கமாக நின்றார்கள். கல் தங்கள் கையிலும் இருக்கக்கூடும் என்பது அவர்களுக்கு எங்கோ உறைத்திருந்தது. கதையைத் தென்னாப்பிரிக்க அரசு தடைசெய்தபோது, அவர்களுக்காவது கதை புரிந்திருக்கிறதே என்று ஜாக்சன் பெருமைப்பட்டாராம்.

அச்சம் பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியம் நான்கைச் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. பேய்க்கதை முதல் வகை, கொலைக்கதை மூன்றாம் வகை. நம் மேல் அதிகாரம் உள்ளவர்களிடமும் அவர்கள் காக்கும் ஒழுங்கிலும் பிறக்கும் நான்காவது அச்சம்தான் தாங்கமுடியாதது. ஏனென்றால் அதற்குக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார முடியாது. நம் தொடரில் உங்களை நிறுத்தியதும் அந்த நான்காவது அச்சம்தான் என்று நினைக்கிறேன். இரண்டாம் அத்தியாயத்தில் அறுந்த கை ஒன்று வந்தது; அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை.

நம் பண்பாட்டுக்கு ஒவ்வாது என்று எழுதியிருக்கிறீர்கள். மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டத்தைப் பற்றிய காதையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சார்ங்கலன் என்ற சிறுவன் தனியாகச் சுடுகாட்டுக்குள் புகுந்துவிடுகிறான். பிணத்தின் தலையைக் கையில் ஏந்தி ஆடும் பேயைக் காண்கிறான். தாயிடம் ஓடிவந்து சொல்லி உயிரை விடுகிறான். மகனின் உடலைச் சுமந்துகொண்டு தாய் கோதமை காவல் தெய்வமான சம்பாபதியிடம் முறையிடுகிறாள். போன உயிரைத் திருப்பித் தர எந்தத் தெய்வத்தாலும் ஆகாது என்று பதில் கிடைக்கிறது. சாத்தனார் அந்தக் குழந்தையை உயிர்ப்பித்து நம் மனத்தை ஆற்றவில்லை. கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டாரின் பேய்கள் போர்க்களத்தில் கூழ் சமைக்கும் முன், யானைத் தந்தத்தால் பல் விளக்கி, யானையின் விலா எலும்பால் நாக்கு வழித்துக்கொள்கின்றன. அதைப் பாடமாக வைத்து மதிப்பெண்ணும் போட்ட ஊர் இது. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் துப்பறியும் நாவல்களை எழுதிக் குவித்த காலத்திலேயே, இவற்றைப் படித்துக் குடும்பப் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்ற புலம்பல் எழுந்துவிட்டது. அந்தப் பெண்களின் பேத்திகள்தான் இன்று அதே புலம்பலை எனக்கு எழுதுகிறார்கள்.

எழுதியவரின் மனம் சரியாக இருக்குமா என்ற கேள்விக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கல்லெறியும் ஊரை எழுதிய அதே ஜாக்சன், வீட்டில் பிள்ளைகளோடு தாம் பட்ட பாட்டைச் சிரிக்கச் சிரிக்க எழுதியவர். பெண்கள் இதழ்களில் வந்த அந்தக் குறிப்புகள் 1953இல் நூலாகவும் வெளிவந்தன. இரண்டில் எதைக் கொண்டு அவர் மனத்தை அளப்பது?

பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்பது நியாயமான கவலை. அதை வைத்தே ஒரு நாடு முழுவதும் நடவடிக்கை எடுத்த கதையும் இருக்கிறது. பிரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர், படக்கதைகள் சிறுவர்களைக் குற்றவாளிகளாக்குகின்றன என்று 1954இல் ஒரு நூல் எழுதினார். அமெரிக்க செனட் குழு விசாரணை நடத்தியது. ஒரு கையில் கோடரியும் மறு கையில் பெண்ணின் வெட்டுண்ட தலையுமாக ஒருவன் நிற்கும் அட்டைப்படத்தைக் காட்டி, இது நல்ல ரசனையா என்று பதிப்பாளர் வில்லியம் கெய்ன்ஸிடம் கேட்டது. திகில் படக்கதையின் அட்டைக்கு இது நல்ல ரசனைதான் என்றார் அவர். அதே ஆண்டில் பதிப்பாளர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட நெறிமுறையின்படி, தலைப்பில் திகில் என்ற சொல்லே வரக் கூடாதென்று ஆயிற்று. கெய்ன்ஸின் திகில் இதழ்கள் மூடப்பட்டன. வெர்தாமின் கோப்புகள் பொதுப் பார்வைக்குத் திறக்கப்பட்ட பிறகு, கேரல் டில்லி என்ற ஆய்வாளர் அவற்றை நூலோடு ஒப்பிட்டு, சிறுவர்களைப் பற்றிய சான்றுகளை அவர் திரித்தும் மிகைப்படுத்தியும் எழுதியிருந்ததை 2012இல் வெளியிட்டார். இதழ்கள் மூடப்பட்டு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

எதிர்ப்பக்கத்துச் சான்றையும் நான் மறைக்கவில்லை. பள்ளியில் துப்பாக்கியோடு நுழையும் மாணவனைப் பற்றி அமெரிக்கத் திகில் எழுத்தாளர் ஸ்டீபன் கிங் புனைபெயரில் 1977இல் ஒரு நாவல் வெளியிட்டார். 1997இல் கென்டக்கி மாநிலத்தில் சக மாணவர்களைச் சுட்ட ஒரு சிறுவனிடம் அந்நூலின் பிரதி இருந்தது தெரிந்ததும், அதை மறுபடி அச்சிட வேண்டாமென்று கிங் தாமே நிறுத்திக்கொண்டார். நூல்தான் அவனைக் கொலைகாரனாக்கியது என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஏற்கெனவே நொந்து கிடப்பவன் கையில் அது போய்ச் சேர வேண்டாம் என்று கருதினார். தம் படைப்பைப் பற்றி எழுத்தாளர் எடுத்த அந்த முடிவை மதிக்கிறேன். அதையே நான்கு அத்தியாயம் மட்டும் படித்தவர் எடுக்கச் சொல்லும்போது ஏற்க முடியவில்லை.

உங்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. இதே தொடரைப் பாராட்டி வரும் கடிதங்களில் பலவும், கொலையாளியை மூன்றாம் அத்தியாயத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன், செம த்ரில், அடுத்த வாரம் யார் சாவார்கள் என்ற அளவோடு முடிந்துவிடுகின்றன. செத்தவன் பெயர்கூட அவற்றில் இல்லை. திகில் கதையைக் குறுக்கெழுத்துப் புதிர் போல நிரப்பிவிட்டு வீசுகிறவர்கள் அவர்கள். அந்த ரசனைக்குத் தீனி போடவே முதல் பக்கத்தில் ஒரு பெண்ணின் பிணத்தைக் கிடத்தி, அவள் யார், எப்படி வாழ்ந்தாள் என்று ஒரு வரியும் எழுதாமல் காவல் ஆய்வாளரின் புத்திசாலித்தனத்தை மட்டும் பக்கம் பக்கமாக அளக்கும் கதைகள் எங்களுக்கு வாராவாரம் வருகின்றன. அவற்றைத் திருப்பி அனுப்புகிறோம். இருட்டாக இருப்பதால் அல்ல. இறந்தவளைப் பற்றி எழுதியவருக்கே அக்கறை இல்லை என்பதால். இந்தத் தொடரில் அந்தச் சிறுவனுக்குப் பெயர் இருக்கிறது, வாயில் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு பல் இருக்கிறது, அது விழுந்தால் கூரைமேல் எறிய வேண்டுமென்ற ஆசையும் இருக்கிறது. உங்களை அவ்வளவு கலங்கடித்தது அதனால்தான் என்பேன்.

நான்காம் அத்தியாயம் வெளிவந்த வாரத்தில் இன்னொரு கடிதமும் வந்தது. மகனை இழந்த ஒரு தாய் எழுதியது. கதையை நிறுத்தச் சொல்லவில்லை, எழுத்தாளரைத் திட்டவில்லை. இப்படி ஒரு காட்சி வரப்போகிறது என்று முன்கூட்டியே ஒரு வரி போட்டிருந்தால் அந்தப் பக்கத்தைப் புரட்டியிருக்க மாட்டேன் என்று மட்டும் எழுதியிருந்தார். அது நியாயமான கோரிக்கை. ஆகவே அடுத்த இதழிலிருந்து, தேவைப்படும் அத்தியாயங்களின் தலைப்புக்குக் கீழே அந்த ஒரு வரி அச்சாகும். கதையில் ஒரு வரியும் மாறாது; இன்னும் ஆறு வாரங்களுக்குத் தொடர் வரும். சந்தாவை நிறுத்துவதில் உறுதியாக இருந்தால் அலுவலகத்துக்குத் தனியாக ஓர் அஞ்சலட்டை போடுங்கள். மீதித் தொகையை அனுப்பிவைக்கச் சொல்கிறேன். ஐந்தாம் அத்தியாயத்தைப் படித்துவிட்டும் கோபம் தணியவில்லை என்றால் அந்தக் கோபத்தை எழுதி அனுப்புங்கள். வசவு இருந்தாலும் வெட்டாமல் இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.