புதிய டிரம் செட்: பார்க்க வேண்டியது பெயரா, வரிசையா?

கேள்வி: நாகர்கோவிலுக்கு அருகிலுள்ள எங்கள் சபையில் ஆராதனைப் பாடல்களுக்கு வாசிக்கும் டிரம் செட் மிகவும் பழையதாகிவிட்டது. ஸ்டாண்டுகளின் மரை தேய்ந்து, வாசித்துக்கொண்டிருக்கும்போதே உலோகத் தட்டான சிம்பல் சரிந்து விழுகிறது. புதியது வாங்க வாலிபர் சங்கத்தார் பணம் சேர்த்திருக்கிறார்கள். கடைக்காரர் பேர்ல் எக்ஸ்போர்ட், யமஹா ஸ்டேஜ் கஸ்டம், டாமா இம்பீரியல்ஸ்டார் ஆகிய மூன்றையும் காட்டுகிறார். கமிட்டியில் ஆளுக்கொரு நிறுவனத்தின் பக்கம் நிற்கிறார்கள். எங்களுடையது ஏறக்குறைய நூற்றைம்பது பேர் அமரும் கான்கிரீட் கூடம். இம்மூன்றையும் எதை வைத்து ஒப்பிட வேண்டும்?

பதில்: மூன்றும் ஜப்பானிய நிறுவனங்கள். இசைத்தாள் வைக்கும் ஸ்டாண்டுகளைச் செய்துகொண்டு 1946-இல் தொடங்கியது பேர்ல். யமஹா 1967-இல் டிரம் செட் தயாரிப்பில் இறங்கியது. இபனேஸ் கிட்டார்களை விற்கும் ஹோஷினோ நிறுவனம் டாமா என்ற பெயரை 1974 முதல் பயன்படுத்திவருகிறது. மூன்று பெயர்களுக்குக் கீழும் தொடக்க நிலை மாணவருக்கான செட் முதல் ஒலிப்பதிவுக் கூடங்களுக்கான செட் வரை பல வரிசைகள் உண்டு என்பதால், ‘பேர்ல் நல்லதா, யமஹா நல்லதா’ என்று கேட்டால் யாராலும் நேர்மையான பதில் சொல்ல முடியாது. மேடையில் புகழ்பெற்ற கலைஞர் வாசிப்பது அந்த நிறுவனத்தின் மேல்வரிசை. உங்கள் கைக்கு வருவது வேறு மரம், வேறு உலோக பாகங்கள், பெரும்பாலும் வேறு தொழிற்சாலை. வரிசையின் பெயரைக்கூட முழுதாக நம்புவதற்கில்லை. 1970-களில் இம்பீரியல்ஸ்டார் என்பது தொழில்முறைக் கலைஞர்கள் வாசித்த வரிசை. இன்று அதே பெயரில் வருவது, கற்போரையும் சிறிய குழுக்களையும் மனத்தில் கொண்டு செய்யப்படும் செட்.

எனவே முதலில் ஷெல்லின், அதாவது டிரம்மின் உருளை உடலின் மரத்தைப் பாருங்கள். ஸ்டேஜ் கஸ்டத்தின் ஷெல் ஆறு அடுக்குகளும் பிர்ச் மரத்தாலானது. எக்ஸ்போர்ட்டில் பாப்லரும் ஆசிய மஹாகனியும் கலந்திருக்கும். இம்பீரியல்ஸ்டார் பாப்லர். பிர்ச் ஷெல்லின் ஒலி சற்றுக் கூர்மையாக எழுந்து விரைவாக அடங்கும். எதிரொலி மிகுந்த கான்கிரீட் கூடத்தில் அது ஓரளவு உதவும் என்பதே என் கருத்து. ஆயினும் மர வேறுபாட்டை விற்பனையாளர்கள் பெரிதுபடுத்துவது போல நீங்களும் பெரிதுபடுத்த வேண்டாம். இதே விலை வட்டத்தில் ஸ்கின்னும் (டிரம்மின் வாயை மூடும் சவ்வு) ட்யூனிங்கும் மாறினால் வரும் வேறுபாடு, மரம் மாறினால் வருவதைவிடப் பெரியது.

இரண்டாவதும் முக்கியமானதும், அந்த விலைக்குள் எவையெல்லாம் அடங்குகின்றன என்பது. ஸ்டேஜ் கஸ்டம் பெரும்பாலும் ‘ஷெல் பேக்’ ஆகவே விற்கப்படுகிறது; அதாவது பேஸ் டிரம் (காலால் பெடலை மிதித்து ஒலிக்கும் பெரிய டிரம்), டாம்கள் (நடுத்தர டிரம்கள்), ஃப்ளோர் டாம் (தரையில் நிற்கும் டாம்), ஸ்னேர் (அடியில் கம்பிகள் உள்ள டிரம்) ஆகியவை மட்டுமே வரும். ஹை-ஹேட் (மிதித்தால் ஒன்றோடொன்று மோதும் சிம்பல் ஜோடி) ஸ்டாண்டு, சிம்பல் ஸ்டாண்டுகள், ஸ்னேர் ஸ்டாண்டு, பெடல், இருக்கை, சிம்பல்கள் அனைத்துக்கும் தனிச் செலவு. எக்ஸ்போர்ட் வழக்கமாக ஸ்டாண்டுகளோடும் பெடலோடும் வரும். சிம்பல் உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இம்பீரியல்ஸ்டார் பல சந்தைகளில் ஸ்டாண்டுகள், இருக்கை, மைனில் எச்.சி.எஸ். சிம்பல்கள் எல்லாம் சேர்ந்த முழுத் தொகுப்பாகவே விற்கப்படுகிறது. கடைக்காரர் சொல்லும் மூன்று விலைகளையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒப்பிட்டால் கணக்கு தவறிப்போகும். ஒவ்வொன்றுக்கும் ‘வாசிக்கத் தயாரான நிலையில் மொத்தம் எவ்வளவு’ என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே கமிட்டியைக் கூட்டுங்கள்.

சிம்பல்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் தொகுப்போடு வரும் மலிவான சிம்பல்களால்தான் நல்ல செட்டுகளும் தகரத்தைத் தட்டியது போல ஒலிக்கின்றன. தொடக்க நிலைச் சிம்பல்கள் பித்தளைத் தகட்டிலிருந்து செய்யப்படுபவை, மேற்சொன்ன எச்.சி.எஸ். அவ்வகைதான். அடுத்த படியில் 92 பங்கு செம்பும் 8 பங்கு வெள்ளீயமும் கலந்த வெண்கலம். இதைக் கடைகளில் ‘பி8’ என்பார்கள். அதற்கும் மேலே 80 பங்கு செம்புக்கு 20 பங்கு வெள்ளீயம் கலந்த ‘பி20’. உங்கள் ஆலய மணியின் உலோகமும் ஏறக்குறைய இந்த விகிதம்தான் என்றால், ஒலி ஏன் நீண்டு இனிமையாக நிற்கிறது என்பது விளங்கும். ஸில்ஜன், சேபியன், பைஸ்டே, மைனில் ஆகிய நான்குமே பித்தளை முதல் உயர்ந்த வெண்கலம் வரை எல்லாத் தரத்திலும் சிம்பல் விற்கின்றன. இங்கும் பெயரைப் பார்த்து ஏமாறாமல் உலோகத்தைக் கேளுங்கள். பழைய செட்டிலுள்ள சிம்பல்களில் விரிசல் இல்லாதது ஏதேனும் இருந்தால், கடைக்கு எடுத்துச் சென்று தொகுப்போடு வரும் புதியதன் பக்கத்தில் தொங்கவிட்டுத் தட்டிப் பாருங்கள். பழையதே வென்றால் சிம்பல் இல்லாத தொகுப்பை வாங்கிப் பணத்தை மிச்சப்படுத்தலாம்.

ஸ்டாண்டு சரிவதுதான் உங்கள் இப்போதைய தொல்லை என்பதால், அதன் கால்களைக் குனிந்து பாருங்கள். ஒவ்வொரு காலும் ஒற்றைப் பட்டையால் ஆனதா, இரட்டைப் பட்டையால் ஆனதா? ஞாயிறுதோறும் கழற்றி மாட்டும் இடத்துக்கு இரட்டைப் பட்டைதான் தாங்கும். திருகுகளைக் கடைசிவரை இறுக்கி, பிறகு ஸ்டாண்டின் தலையைக் கையால் அழுத்திப் பாருங்கள். புதியதிலேயே வழுக்கினால் ஆறு மாதத்தில் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. டாம்களைத் தாங்கும் கம்பியும் கவனிக்கத்தக்கது. யமஹாவில் அது அறுகோண வடிவக் கம்பி, பேர்லில் உருண்டைக் குழாய். ஒன்றுக்கு மற்றொன்று பொருந்தாது. பிற்காலத்தில் ஒரு டாம் சேர்க்கவோ, உடைந்த பிடிப்பை மாற்றவோ அதே நிறுவனத்தின் பாகம்தான் வேண்டும் என்பதால், உங்கள் பகுதியில் எந்த நிறுவனத்தின் உதிரி பாகங்கள் கிடைக்கின்றன என்பதைக் கடைக்காரரிடம் மட்டுமன்றி, அக்கம்பக்கத்துச் சபைகளிலும் மெல்லிசைக் குழுக்களிலும் வாசிப்போரிடமும் விசாரியுங்கள்.

கடையில் இன்னொரு சோதனையும் செய்யலாம். ஒரு டாமின் மேல் ஸ்கின்னைக் கழற்றச் சொல்லி, ஷெல்லைக் கவிழ்த்துக் கண்ணாடி மேசையின்மீதோ கிரானைட் பலகையின்மீதோ வையுங்கள். அடிப்பக்க ஸ்கின் இருந்தால் அதன் வழியாகவே கைப்பேசி விளக்கை உள்ளே பாய்ச்சி, கடை விளக்கை அணைத்துவிட்டு விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். எங்கேனும் ஒளி கசிந்தால் விளிம்பு சமமில்லை. எவ்வளவு முயன்றாலும் அந்த டாம் சரியாக ட்யூன் ஆகாது. சில கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். இவ்வளவு பணம் கொடுப்பவர் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

அளவைப் பொறுத்தவரை, 22 அங்குல பேஸ் டிரம்தான் கம்பீரம் என்று இளைஞர்கள் சொல்வார்கள். உங்கள் கூடத்துக்கு 20 அங்குல பேஸ், 10, 12 அங்குல டாம்கள், 14 அங்குல ஃப்ளோர் டாம் கொண்ட செட்டே போதும். பாடகர் குழுவின் குரலும் காதில் விழ வேண்டுமல்லவா? எக்ஸ்போர்ட், ஸ்டேஜ் கஸ்டம் இரண்டும் இந்த அளவில் வருகின்றன.

என் தேர்வு இதுதான்: பழைய சிம்பல்கள் தேறி, தனியாக நல்ல ஸ்டாண்டுகள் வாங்கவும் பணம் இருந்தால் ஸ்டேஜ் கஸ்டம். சேர்த்த தொகைக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டுமென்றால் எக்ஸ்போர்ட்டை எடுத்து, மிச்சத்தை ஒரு ஜோடி வெண்கல ஹை-ஹேட்டுக்கு ஒதுக்குங்கள். சிம்பல் உட்பட ஒன்றுமே கையில் இல்லாத சபைக்கு இம்பீரியல்ஸ்டார் பொருந்தும்; உங்கள் நிலை அதுவன்று. எதை வாங்கினாலும் தொகுப்போடு வரும் மேல் ஸ்கின்களை மாற்ற ஒரு சிறு தொகையை வைத்திருங்கள். ரெமோ எம்பரர், எவன்ஸ் ஜி2 போன்ற இரட்டை அடுக்கு ஸ்கின்கள் நன்றாக உழைக்கும், அதிர்வும் கட்டுக்குள் இருக்கும். கடலோரக் காற்றில் குரோம் பூச்சு விரைவில் துருப்பிடிக்குமாதலால், வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: மகளுக்காக இணையத்தில் ‘5 பீஸ் டிரம் செட்’ ஒன்றை வாங்கினேன். படத்தில் ஸ்டாண்டுகளும் சிம்பல்களும் இருந்தன. வந்த பெட்டியில் ஐந்து டிரம்கள் மட்டுமே இருக்கின்றன. விற்பனையாளர் ‘படம் மாதிரிக்காக’ என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: ‘5 பீஸ்’ என்ற கணக்கில் சிம்பலும் ஸ்டாண்டும் சேர்வதே இல்லை, டிரம்களை மட்டும் எண்ணுவது இத்துறையின் வழக்கம். ஆகவே அந்தச் சொல்லை மட்டும் வைத்து வாதாட முடியாது. விற்பனைப் பக்கத்தின் விவரப் பகுதியில் ‘ஷெல் பேக்’ என்றோ, ‘ஸ்டாண்டுகள் தனி’ என்றோ எழுதியிருந்ததா என்று பாருங்கள். எழுதியிருந்தால் உங்கள் பக்கம் வலுக் குறைவு. பேசிப் பார்த்துத் திருப்பி அனுப்பும் கால வரம்புக்குள் அனுப்பிவிடுவதே நல்லது. எழுதவில்லை என்றால் நிலைமை வேறு. விளம்பரத்தில் காட்டிய தன்மைகள் இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. விற்பனைப் பக்கம் மாற்றப்படும் முன்பே அதைப் படமெடுத்து வையுங்கள். பெட்டியின்மீது ஒட்டியுள்ள இறக்குமதியாளர் பெயர், தயாரிப்பு நாடு, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவற்றையும் படமெடுங்கள். பிறகு அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் பெற்றதற்கு ஒப்புகை தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். பொருளின் விலை ஐந்து லட்ச ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை.

கேள்வி: லட்விக் பெயர் பொறித்த செட் ஒன்று, பேர்லின் தொடக்க நிலை செட் விலைக்கே கிடைக்கிறது. அத்தனை பெரிய அமெரிக்க நிறுவனம் இந்த விலைக்குத் தருவது போலியாக இருக்குமோ?

பதில்: போலியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. 1909-இல் சிகாகோவில் தோன்றிய லட்விக், தன் உயர்ந்த மேப்பிள் செட்டுகளை இன்று வட கரோலைனா மாநிலத்தின் மன்றோ நகரில் செய்கிறது. அதே பெயரில் ஆக்சென்ட் என்ற மலிவான வரிசையையும் விற்கிறது, அது சீனத் தயாரிப்பு. பெட்டியிலுள்ள தயாரிப்பு நாட்டைப் படித்தால் உங்கள் ஐயம் தீர்ந்துவிடும். ஆனால் விலை குறித்து நீங்கள் மகிழவும் வேண்டாம்: நீங்கள் பார்த்தது பேர்லின் தொடக்க நிலை வரிசையான ரோட்ஷோவுக்கு நேர் போட்டி, அந்த இடத்தில் வைத்தே அதை மதிப்பிட வேண்டும். இரண்டிலும் பெடலை மிதித்து, இருக்கையில் அமர்ந்து அசைந்து பார்த்து, எது ஆடாமல் நிற்கிறதோ அதை எடுங்கள்.