ஆன்டிபயாடிக்கோடு வலி மாத்திரை: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கேள்வி: சிறுநீர்த் தொற்றுக்கு டாக்டர் சிப்ரோஃப்ளாக்சசின் 500 எழுதித் தந்தார், காலை ஒன்று, இரவு ஒன்று. இடுப்பு வலிக்கு நானாகவே கடையில் இபுப்ரோஃபென் 400 வாங்கிப் போடுகிறேன். வயிறு எரிந்ததால் ஜெல் மருந்தும் குடிக்கிறேன். இரண்டு நாளாகத் தூக்கமில்லை, கை நடுங்குகிறது, படபடப்பாக இருக்கிறது. தினம் மூன்று காபி குடிப்பேன். எதை நிறுத்துவது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இபுப்ரோஃபெனை இன்றே நிறுத்துங்கள். அடுத்த வேளை சிப்ரோவைப் போடுவதற்கு முன் டாக்டருக்குப் போன் செய்து நடுக்கத்தையும் தூக்கமின்மையையும் சொல்லுங்கள். மருந்தையே மாற்ற வேண்டியிருக்கலாம். குழப்பமோ வலிப்போ வந்தால் போனில் பேசிக்கொண்டிருக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூளையில் நரம்புகளை அமைதிப்படுத்தும் வேதிப்பொருள் ஒன்று உண்டு, காபா என்று பெயர். அது வேலை செய்யும் இடத்தை சிப்ரோ ஓரளவு மறிக்கும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன் வகை மாத்திரைகள் சேர்ந்தால் அந்த மறிப்பு வலுக்கலாம். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஏற்கெனவே வலிப்பு நோய் உள்ளவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், வயதானவர்கள் ஆகியோருக்குத்தான் கவலை அதிகம். பெயர் 'ஃப்ளாக்சசின்' என்று முடிந்தால் எல்லாம் இதே குடும்பம்: லெவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின்.

உங்கள் படபடப்பில் காபிக்கும் பங்கிருக்கும். காஃபீனைக் கல்லீரல் உடைப்பதை சிப்ரோ தாமதப்படுத்துகிறது. காலையில் குடித்தது இரவிலும் உடம்பில் நிற்கும். மருந்து முடியும் வரை காபியை விட்டுவிடுங்கள், முடியாவிட்டால் காலையில் அரை டம்ளர் போதும்.

அடுத்தது ஜெல். அதிலுள்ள அலுமினியமும் மக்னீசியமும் சிப்ரோவைப் பிடித்துக்கொள்வதால் மருந்து ரத்தத்தில் சேராமலே வெளியேறிவிடும். இரும்பு, கால்சியம், துத்தநாக மாத்திரைகளுக்கும் இது பொருந்தும். ஜெல்லுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோதான் சிப்ரோ போட வேண்டும். காலை 7, இரவு 7 என்று சிப்ரோ போடுபவர் பகல் 9 முதல் 1 மணிக்குள் ஜெல் குடிக்கலாம், மற்றொரு வேளை இரவு 9-க்கு மேல். மாத்திரையை 'சூடு தணிய' வெறும் பாலோடோ மோரோடோ விழுங்குவதும் இதே தப்புதான். வழக்கமான சாப்பாட்டோடு போடுவதில் தவறில்லை.

வலிக்கு பாராசிட்டமால் 650 போடலாம், 6 மணி நேர இடைவெளியில், நாளுக்கு நான்குக்கு மேல் வேண்டாம். கல்லீரல் நோயோ குடிப்பழக்கமோ இருந்தால் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். காம்பிஃப்ளாமைப் பாராசிட்டமால் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். அதில் 325 மி.கி. பாராசிட்டமாலோடு 400 மி.கி. இபுப்ரோஃபெனும் இருக்கிறது. இடுப்பு வலியோடு குளிர்க்காய்ச்சலும் இருந்தால் தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம். அப்போது வலியை அடக்குவதைவிட டாக்டரைப் பார்ப்பதே அவசரம்.

கேள்வி: சிப்ரோ சாப்பிடும்போது முதுகுப் பிடிப்புக்குக் கடையில் தந்த மாத்திரையைப் போட்டேன். எழுந்ததும் தலைசுற்றி விழுந்துவிட்டேன். ஏன்?
– வாசகர், ஈரோடு

பதில்: அட்டையைத் திருப்பி, சின்ன எழுத்தில் 'டிசானிடின்' என்று இருக்கிறதா பாருங்கள். பிடிப்புக்கான கூட்டு மாத்திரைகள் சிலவற்றில் அது இருக்கும். சிப்ரோவோடு அதைச் சேர்க்கவே கூடாது. கல்லீரலில் டிசானிடினை உடைக்கும் நொதியை சிப்ரோ தடுப்பதால் ரத்தத்தில் அதன் அளவு பல மடங்கு ஏறும். ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரும். இடைவெளி விட்டுப் போட்டாலும் தப்பிக்க முடியாது. விழுந்ததில் தலையில் அடிபட்டிருந்தால் உடனே காட்டுங்கள்.

கேள்வி: 12 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காது வலி, காய்ச்சல். அமாக்சிசிலின் சிரப்போடு பாராசிட்டமாலும் கொடுக்கலாமா?
– வாசகி, நெல்லை

பதில்: தாராளமாக. இவை ஒன்றுக்கொன்று இடைஞ்சல் செய்வதில்லை, ஒரே நேரத்தில்கூடக் கொடுக்கலாம். தப்பு நடப்பது அளவில்தான். பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி.; உங்கள் குழந்தைக்கு 150 மி.கி. என்று வைத்துக்கொள்ளலாம். 5 மி.லி.-யில் 125 மி.கி. உள்ள சிரப் என்றால் 6 மி.லி., 250 மி.கி. உள்ளது என்றால் 3 மி.லி. சொட்டு மருந்து பெரும்பாலும் 1 மி.லி.-யிலேயே 100 மி.கி.; அதற்கு ஒன்றரை மி.லி. போதும். சிரப் அளவில் சொட்டு மருந்தை ஊற்றினால் ஆபத்து. வீட்டு ஸ்பூன் வேண்டாம், ஊசியில்லா சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். காய்ச்சல் இறங்கிவிட்டது என்று அமாக்சிசிலினைப் பாதியில் நிறுத்தாதீர்கள், இறக்கியது பாராசிட்டமாலாக இருக்கலாம்.

கேள்வி: எனக்கு 64 வயது. லெவோஃப்ளாக்சசின் முடித்து ஒரு வாரம் ஆகிறது. குதிகாலுக்கு மேலே வலிக்கிறது. டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டு நடைப்பயிற்சியைத் தொடரலாமா?
– வாசகர், மதுரை

பதில்: கூடாது. இந்தக் குடும்ப மருந்துகள் தசைநாரைப் பலவீனப்படுத்தும். மருந்து முடிந்து சில வாரங்கள், மாதங்கள் கழித்தும் வலி தொடங்கலாம். 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் அபாயம் கூடுதல். வலியை மறைத்துக்கொண்டு நடந்தால் நார் அறுந்துபோகலாம். எண்ணெய் தேய்த்து உருவ வேண்டாம். காலுக்கு ஓய்வு கொடுத்து எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். இனி எந்த டாக்டரிடம் போனாலும், 'ஃப்ளாக்சசின் மருந்தால் எனக்குக் குதிகால் வலி வந்தது' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.