எஞ்சின் இருக்கட்டும், சில் எப்படி இருக்கிறது?

கேள்வி: ஐயா, 1972ஆம் வருட எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரையில்லாத பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றை வாங்கியிருக்கிறேன். பல வருடம் கராஜில் ஓடாமல் நின்ற வண்டி, எஞ்சின் சுற்றவே இல்லை. பழைய காரில் கை வைப்பது இதுதான் முதல் தடவை. எஞ்சினைக் கழற்றி ஆரம்பிக்கட்டுமா, பெயின்டைச் சுரண்டட்டுமா?
- வாசகர், ஹாரோ, லண்டன்

பதில்: இரண்டும் வேண்டாம், தம்பி. ஒரு காந்தமும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு கதவுக்குக் கீழே உட்காருங்கள்.

எம்ஜிபிக்குத் தனி சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. ரோட்ஸ்டருக்குக் கூரையும் இல்லை. வண்டி நடுவில் தொய்யாமல் நிற்பது பெரும்பாலும் கதவுகளுக்கு அடியில் இரு பக்கமும் ஓடும் ‘சில்’ என்ற இரும்புப் பெட்டிகளின் பலத்தில்தான். கண்ணுக்குத் தெரிவது வெளித்தகடு மட்டும். அதற்குள் செங்குத்தாக ஒரு தகடு, உள்பக்கம் ஒன்று, அடியில் காசில் ரெயில் என்று அடுக்கடுக்காக இருக்கும். குளிர்காலத்தில் ரோட்டில் போடும் உப்பும் சேறும் முன்சக்கரத்துக்குப் பின்னால் தேங்கி, உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும். காந்தம் ஒட்டாத இடத்தில் இருப்பது இரும்பில்லை, ஓட்டையை அடைக்கப் பூசிய பட்டி. ஒரு வண்டியில் பட்டிக்குப் பின்னால் செய்தித்தாளை உருட்டித் திணித்திருந்ததைப் பார்த்தேன். தேதிகூடப் படிக்க முடிந்தது!

இன்னொரு சோதனை: வண்டியை ஒரு பக்கம் ஜாக்கில் கொஞ்சம் தூக்கி, கதவைத் திறந்து மூடுங்கள். முன்பு போலவே மூடினால் நல்லது. இடித்தாலோ இடைவெளி மாறினாலோ சில் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சில்லை வெட்டும்போதுதான் புதியவர்கள் வண்டியைக் கெடுக்கிறார்கள். வெட்டுவதற்கு முன் கதவு வாசலுக்குக் குறுக்கே சதுரக் குழாயை வெல்டு செய்து இறுக்குங்கள். ஒரு பக்கம் முழுதாக முடிந்த பிறகே மறுபக்கம். கதவை அவ்வப்போது மாட்டி இடைவெளி பாருங்கள். துரு மேல் புதுத்தகடு ஒட்டி மூடுவது வேண்டவே வேண்டாம். வெல்டிங் தெரியாதென்றால் இந்த வேலைக்கு மட்டும் காசு கொடுத்து ஆள் வையுங்கள், அதில் வெட்கமில்லை. அப்படியே சீட்டுக்குப் பின்னாலுள்ள பேட்டரிப் பெட்டிகளையும் பாருங்கள். உங்கள் வருடத்து வண்டியில் இரண்டு 6 வோல்ட் பேட்டரி இருக்கும், ஆசிட் சிந்தி அடித்தகடு ஓட்டையாகியிருக்கலாம்.

பாடி மொத்தமாகப் போயிருந்தாலும் மனம் தளர வேண்டாம். தகட்டை வார்க்கும் பழைய அச்சுகளை வைத்தே பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற கம்பெனி 1988 முதல் முழு பாடியையே செய்து விற்கிறது. விலையைக் கேட்டால் மட்டும் உட்கார்ந்துகொண்டு கேளுங்கள்.

எஞ்சின்? 1,798 சிசி, நாலு சிலிண்டர், வார்ப்பிரும்பு. பிளக்கைக் கழற்றி, சிலிண்டரில் துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி, சில நாள் ஊறவிடுங்கள். பிறகு பொறுமையாகத் திருப்பிப் பாருங்கள், முரட்டுத்தனம் வேண்டாம். அசையாவிட்டாலும் கவலையில்லை, பாகங்கள் எல்லாம் கிடைக்கும். ஆனால் உங்களிடமுள்ள மில்லிமீட்டர் ஸ்பேனரை ஒதுக்கி வையுங்கள். இதில் பெரும்பாலும் அங்குல அளவு போல்ட். அரை அங்குலம் என்றால் 12.7 மி.மீ.; 13 ஸ்பேனர் பொருந்துவது போலத்தான் இருக்கும், அழுத்தினால் தலை உருண்டுவிடும்.

கேள்வி: நாற்பது வருடம் தாண்டிய வண்டிக்கு எம்ஓடி (வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனை) தேவையில்லை என்கிறார்களே?
- அதே வாசகர்

பதில்: பெரிதாக மாற்றம் செய்யாத வண்டி என்றால் தேவையில்லைதான். சாலை வரியும் கட்ட வேண்டாம், ஆனால் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். இருந்தாலும் வேலை முடிந்ததும் நீங்களே கேட்டு ஒரு எம்ஓடி எடுத்துவிடுங்கள். உங்கள் பிரேக்கை உங்களைத் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை என்றால் நான் அந்தக் காரில் ஏற மாட்டேன்.

கேள்வி: பெட்ரோல் எதைப் போடுவது?
- அதே வாசகர்

பதில்: இ5 சூப்பர், அதாவது எத்தனால் 5 சதவீதத்துக்கு மேல் இல்லாத பெட்ரோல். 2021 முதல் இங்கே சாதாரண பெட்ரோல் இ10 (10 சதவீதம் வரை எத்தனால்) ஆகிவிட்டது, அதிலுள்ள எத்தனால் பழைய ரப்பர் ஹோஸைத் தின்றுவிடும். எதைப் போட்டாலும் ஹோஸ்களைப் புதிதாக மாற்றிவிட்டே ஸ்டார்ட் செய்யுங்கள், பக்கத்தில் தீயணைப்பான் ஒன்றும் இருக்கட்டும்.