கல்லூரிக் கூடைப்பந்து அணியை மீண்டும் கட்டியெழுப்பும்போது, வரும் தோல்விகளுக்கு யார் பொறுப்பு?

புதிய பயிற்சியாளர் வந்து மூன்று ஆண்டுகள் ஆகியும் உங்கள் கல்லூரி அணி எழவில்லை என்றும், "கட்டியெழுப்பிக்கொண்டிருக்கிறோம்" என்ற ஒரே பதிலைக் கேட்டுச் சலித்துவிட்டது என்றும், இதற்கு யாரைப் பொறுப்பாக்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் இந்தியானா பல்கலைக்கழக அணியின் ரசிகன். 2008 ஆகஸ்டில் வேதியியல் ஆய்வு மாணவனாக ப்ளூமிங்டனுக்கு வந்து சேர்ந்தேன். அந்தப் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து வரலாற்றிலேயே மிக மோசமான மூன்று ஆண்டுகள் அந்த மாதத்தில்தான் தொடங்கின என்பது அப்போது எனக்குத் தெரியாது. உங்கள் கேள்விக்கு அந்த மூன்று ஆண்டுகளை வைத்தே பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

இந்தியானா ஐந்து முறை தேசியப் பட்டம் வென்ற அணி: 1940, 1953, 1976, 1981, 1987. அவற்றில் 1976ஆம் ஆண்டு அணி ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் 32 ஆட்டங்களையும் வென்றது. அதற்குப் பின் ஆண்கள் பிரிவில் தோல்வியே காணாமல் பட்டம் வென்ற அணி எதுவும் நான் அங்கே படித்த காலம் வரை வரவில்லை. அப்படிப்பட்ட அணி 2008-09 பருவத்தில் 6 ஆட்டங்களில் வென்று 25இல் தோற்றது. இந்தியானா இடம்பெற்றிருக்கும் பிக் டென் என்ற பல்கலைக்கழகக் குழுவுக்குள் ஆடிய 18 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி, அயோவாவுக்கு எதிராக. லிப்ஸ்கம்ப் என்ற சிறிய பல்கலைக்கழகத்திடம் சொந்த அரங்கிலேயே தோற்றோம். அடுத்த ஆண்டு 21 தோல்விகள், அதற்கு அடுத்த ஆண்டு 20. மூன்று ஆண்டுகளில் மொத்தம் 66 தோல்விகள்.

இந்தத் தோல்விகளின் வேர் அந்த ஆட்டங்களில் ஆடிய எவரிடமும் இல்லை. ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராக இருந்த கெல்வின் சாம்ப்சனும் அவருடைய உதவியாளர்களும், பள்ளி மாணவர்களைத் தங்கள் அணிக்கு இழுப்பதற்காக விதிமுறைக்குப் புறம்பாக ஐந்நூறுக்கும் மேற்பட்ட தொலைபேசி அழைப்புகளைச் செய்திருந்தார்கள். கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்சிஏஏ அதை விசாரித்துக்கொண்டிருந்த நேரத்தில், அது தெரிந்தே, 2006 மார்ச்சில் இந்தியானா அவரைத் தன் பயிற்சியாளராக நியமித்தது. இரண்டு மாதங்களில் தீர்ப்பு வந்தது. ஓராண்டுக்கு அவர் மாணவர்களை அழைக்கக் கூடாது என்று தடை விதித்தார்கள். அந்தத் தடை நடப்பில் இருந்தபோதே, உதவியாளர் மாணவரை அழைத்து, அதே இணைப்பில் சாம்ப்சனையும் சேர்த்துக்கொள்ளும் மும்முனை அழைப்புகள் நடந்தன. 2008 பிப்ரவரியில் அவர் பதவி விலகியபோது அவருக்கு 7,50,000 டாலர் கொடுத்து அனுப்பினார்கள். அந்த நாளில் அணியின் கணக்கு 22 வெற்றி, 4 தோல்வி.

பின்னாளில், 2012இல், இப்படிப்பட்ட அழைப்புகளுக்கு இருந்த வரம்பை என்சிஏஏ தானே நீக்கிவிட்டது. ஆகவே அவர் செய்தது பெரிய குற்றமே அல்ல என்று வாதிடும் ரசிகர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வாதத்தை என்னால் ஏற்க முடிந்ததில்லை. விதி நல்லதா கெட்டதா என்பது ஒரு கேள்வி. ஒருமுறை தண்டிக்கப்பட்ட மனிதர், அந்தத் தண்டனைக் காலத்திலேயே அதே செயலைச் சுற்றுவழியில் செய்தார் என்பதும், விசாரணையில் உண்மைக்கு மாறான தகவல்களைத் தந்தார் என்று என்சிஏஏ முடிவுசெய்தது என்பதும் முற்றிலும் வேறு கேள்வி. அழைப்பை யாரும் தவறி அழுத்தியிருக்கலாம். ஆனால் கேட்கும்போது உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்பதை அவரவர்தான் தீர்மானிக்கிறோம். என்சிஏஏ 2008 நவம்பரில் அவருக்கு ஐந்தாண்டுத் தண்டனை விதித்தது; அந்தக் காலத்தில் எந்தக் கல்லூரியும் அவரை எளிதில் பணிக்கு எடுக்க முடியாது.

வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்பார்கள். இங்கே விதைத்தவர் ஒருவர், அறுத்தவர்கள் வேறு சிலர். 2008 ஏப்ரலில் மார்க்கெட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த டாம் க்ரீன், அணி என்ற பெயரில் கிட்டத்தட்ட ஒரு வெற்றிடத்தைத்தான் பெற்றுக்கொண்டார். சிலர் என்பிஏ என்ற தொழில்முறைத் தொடருக்குப் போனார்கள், சிலர் நீக்கப்பட்டார்கள், சிலர் வேறு கல்லூரிகளுக்கு மாறினார்கள். முந்தைய ஆண்டு அணியிலிருந்து திரும்பி வந்தவர்கள் இரண்டே பேர், இருவருமே உதவித்தொகை இல்லாமல் தாமாக வந்து சேர்ந்த "வாக்-ஆன்" வீரர்கள். அவர்களில் கைல் டேபர் என்பவர், அதுவரை பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், திடீரென்று முதல் ஐவரில் ஒருவராக நிறுத்தப்பட்டு, தம்மைவிட உயரமும் வலுவும் கூடிய வீரர்களை இரவுக்கு இரவு எதிர்கொண்டார். அவர் யாரையும் தொலைபேசியில் அழைத்து விதியை மீறவில்லை; ஆனால் அரங்கில் மூன்று தலைமுறை ரசிகர்களின் ஏமாற்றத்தைத் தாங்கி நின்றவர் அவர்தான்.

அந்தக் குளிர்காலத்தில் நான் அசெம்பிளி ஹாலில் பார்த்தது இன்றும் மனதில் நிற்கிறது. பதினேழாயிரம் பேர் அமரும் அந்த அரங்கில், இடைவேளையிலேயே இருபது புள்ளிகள் பின்தங்கிய ஆட்டங்களுக்கும் மக்கள் வந்தார்கள். சிவப்பும் வெள்ளையும் கோடுபோட்ட காற்சட்டையுடன் முதல் ஆண்டு மாணவர்கள் ஓடிவரும்போது எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்குக் கூடைப்பந்தின் விதிகளே அப்போதுதான் ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டிருந்தன. பக்கத்து இருக்கையில் வழக்கமாக அமரும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், "இந்தப் பிள்ளைகள் எங்கள் கடனை அடைக்கிறார்கள், அவர்களுக்கு நாங்கள் கைதட்டவாவது வேண்டாமா" என்றார். "எங்கள் கடன்" என்ற சொல் என்னை நிறுத்தியது. தம்மை விலக்கிவைத்து அவர் பேசவில்லை. 22க்கு 4 என்று வென்றுகொண்டிருந்தபோது எந்தக் கேள்வியும் கேட்காமல் மகிழ்ந்தவர்களில் தாமும் ஒருவர் என்று அவர் கணக்கில் எடுத்துக்கொண்டிருந்தார்.

உங்கள் கேள்விக்கு நான் தரும் பதிலின் மையம் இதுதான். குற்றம் ஒருவருடையதாக இருக்கலாம், அதை அவர் பெயரிலேயே எழுதிவைக்க வேண்டும். அதைப் பங்குபோட்டு மழுப்பக் கூடாது. ஆனால் குற்றத்துக்குப் பின் வருகிற வேலைக்கான பொறுப்பு, அந்த இடத்தில் அப்போது நிற்கிறவர்களுடையது. குற்றவாளி போய்விட்டார் என்பதால் அந்த வேலை போய்விடுவதில்லை. "நான் செய்யவில்லையே" என்பது உண்மையாக இருந்தாலும், அதைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அணி எழாது. அதே நேரத்தில், அந்த வேலையைச் செய்கிறவர்களைப் பார்த்து நீதான் குற்றவாளி என்று சொல்வதற்கும் நமக்கு உரிமை இல்லை.

2008இல் அந்த நிலையிலும் இந்தியானாவுக்கு வரச் சம்மதித்தவர்களில் வெர்டெல் ஜோன்ஸ் ஒருவர். அடுத்த ஆண்டு கிறிஸ்டியன் வாட்ஃபர்டும், ப்ளூமிங்டனிலேயே வளர்ந்த ஜோர்டன் ஹல்ஸும் வந்தார்கள். 2010இல், பெரிய எதிர்பார்ப்பு எதுவும் இன்றி மேரிலாந்திலிருந்து விக்டர் ஒலாடிப்போ வந்தார். 2011இல் இந்தியானா மாநிலத்தின் மிகச் சிறந்த பள்ளி வீரரான கோடி ஸெல்லர் சேர்ந்தபோதுதான் நகரத்தில் மக்கள் குரலை உயர்த்திப் பேசத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், நாட்டின் முதல் இடத்தில் இருந்த கென்டக்கி அசெம்பிளி ஹாலுக்கு வந்தது. கடைசிச் சில நொடிகளில் 70க்கு 72 என்று பின்தங்கியிருந்தோம். பந்தை எடுத்துக்கொண்டு ஓடிய ஜோன்ஸ், எதிரணித் தடுப்பாளர்களைத் தம் பக்கம் இழுத்து, பின்னால் வந்த வாட்ஃபர்டிடம் கொடுத்தார். மணி ஒலித்தபோது பந்து காற்றில் இருந்தது, மூன்று புள்ளிகள், 73க்கு 72. மாணவர்கள் ஆடுகளத்துக்குள் வெள்ளமாகப் பாய்ந்தார்கள், நானும் பாய்ந்தேன். அந்தக் கென்டக்கி அணி அந்தப் பருவம் முழுவதிலும் இரண்டே ஆட்டங்களில் தோற்று தேசியப் பட்டத்தை வென்றது.

அந்த எறிவை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நான் அந்தப் பாஸை நினைவில் வைத்திருக்கிறேன். 66 தோல்விகளின் நடுவே மூன்று ஆண்டுகள் ஆடிய ஒருவர், பேர் வாங்க வாய்ப்பிருந்த நொடியில் தாமே எறியாமல், நல்ல இடத்தில் நின்றவருக்குக் கொடுத்தார். அடுத்த மார்ச்சில், பிக் டென் தொடரில் முழங்கால் தசைநார் அறுந்து அவருடைய கல்லூரி வாழ்க்கை முடிந்துவிட்டது. அவர் நான்கு ஆண்டுகள் உழைத்துச் சேர்ந்த தேசியத் தொடரில் அவரால் ஆட முடியவில்லை. அவர் பெயர் வெற்றிப் பட்டியல்களில் பெரிதாக இல்லை. ஆனாலும் 2013இல் பிக் டென் பட்டத்தை வென்ற அணியின் அடித்தளத்தில் அவர் இருக்கிறார் என்பதை யாராலும் மறுக்க முடியாது.

பொறுப்பு என்பதற்கு இதைவிடக் கடுமையான எடுத்துக்காட்டு டெக்சஸில் உள்ள பேய்லர் பல்கலைக்கழகம். 2003இல் அங்கே பாட்ரிக் டென்னஹி என்ற வீரர் கொல்லப்பட்டார். கொன்றவர் அவருடைய அணித் தோழர். பயிற்சியாளர் டேவ் ப்ளிஸ், தாம் விதியை மீறி டென்னஹியின் கல்விக் கட்டணத்தைச் செலுத்தியது வெளியே தெரியாமல் இருக்க, இறந்துபோன அந்த இளைஞரைப் போதைப்பொருள் விற்றவராகக் காட்டச் சொல்லி உதவியாளர்களையும் வீரர்களையும் தூண்டினார். ஏபார் ரவுஸ் என்ற இளம் உதவியாளர் அதை ரகசியமாக ஒலிப்பதிவு செய்து உண்மையை வெளிக்கொண்டுவந்தார். அதற்குப் பிறகு பயிற்சியாளர் தொழிலில் அவருக்கு முன்னேற வழியில்லாமல் போயிற்று என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. ஸ்காட் ட்ரூ என்ற புதிய பயிற்சியாளர் அந்த அணியை எடுத்துக்கொண்டு, தண்டனையாக ஒரு பருவத்தில் குழுவுக்கு வெளியே ஓர் ஆட்டம்கூட ஆட முடியாத நிலையையும் கடந்து, 2021இல் கொன்ஸாகாவை 86க்கு 70 என்று வென்று தேசியப் பட்டம் பெற்றார். பதினெட்டு ஆண்டுகள். அந்தப் பட்டத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ரவுஸின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

சாம்ப்சனின் கதையும் 2008இல் முடியவில்லை. என்பிஏவில் உதவிப் பயிற்சியாளராகப் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, 2014இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்து, பலரும் மறந்துபோன ஓர் அணியை மீண்டும் கட்டினார். 2021இல் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாகவும், 2025இல் ஃப்ளோரிடாவிடம் 63க்கு 65 என்று இறுதி ஆட்டத்தில் தோற்ற அணியாகவும் ஹூஸ்டன் வளர்ந்தது. அவருடைய அணிகளின் உழைப்பை நான் மதிக்கிறேன்; ஒரு மனிதரை அவருடைய மிக மோசமான செயலோடு என்றென்றும் கட்டிவைக்கக் கூடாது என்றும் நம்புகிறேன். ஆனால் ஹூஸ்டனில் அவர் கட்டியது ப்ளூமிங்டனில் இடிந்ததை ஈடுசெய்யவில்லை. இங்கே இடிந்ததைத் தூக்கி நிறுத்தியவர்கள் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள்.

ரசிகர்களாகிய நம் பங்கையும் சொல்லாமல் விட முடியாது. க்ரீனின் பிந்தைய ஆண்டுகளில் ஒரு நாள், கடைசி நிமிடத்தில் தடுப்பார் இன்றி எறியும் இரண்டு ஃப்ரீ த்ரோக்களைத் தவறவிட்ட ஒரு மாணவனின் பெயரைச் சொல்லி நான் மிக மோசமாகக் கத்தினேன். இரண்டு வரிசை முன்னால் இருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தார். அவர் அந்த மாணவனின் தாய். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டம் முடிந்ததும் நான் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எந்த வீரரின் பெயரையும் பழித்துச் சொன்னதில்லை. பல்கலைக்கழகம் யாரை நியமிக்கிறது, எதைக் கண்டும் காணாமல் இருக்கிறது என்பதைப் பற்றி மட்டும் கடிதம் எழுதுகிறேன்; அந்தக் கடிதங்களை நாம் வென்றுகொண்டிருக்கும்போது எழுதுவதே பயன் தரும்.

இப்போது காலம் மாறிவிட்டது என்று நீங்கள் சொல்லலாம், அது உண்மைதான். 2021 முதல் வீரர்கள் ஓராண்டு காத்திருக்காமல் வேறு கல்லூரிக்கு மாறலாம், தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு பணம் ஈட்டலாம். 2025 ஜூலை முதல் கல்லூரிகளே அவர்களுக்கு வருவாயில் பங்கு தருகின்றன. முன்பு பயிற்சியாளர்களும் நிர்வாகிகளும் மட்டும் அனுபவித்த உரிமை வீரர்களுக்கும் கிடைத்தது நியாயமே. இந்தியானாவிலும் 2025 மார்ச்சில் டேரியன் டிவ்ரீஸ் புதிய பயிற்சியாளராக வந்தபோது, அணி ஏறக்குறைய முழுவதுமாக வெளியிலிருந்து வந்த வீரர்களைக் கொண்டு சில வாரங்களில் நிரப்பப்பட்டது. 2008இல் மூன்று ஆண்டுகள் பிடித்த வேலையை இன்று ஒரு வசந்த காலத்தில் முடித்துவிடலாம் என்பது போலத் தோன்றுகிறது. ஆனால் ஆட்களை நிரப்புவதும் அணியைக் கட்டுவதும் ஒன்றல்ல. தோற்றுக்கொண்டிருக்கும் பிப்ரவரி மாதத்தில், அடுத்த ஆண்டு வேறு இடத்தில் இருக்கப்போகிற ஒருவர், தம்முடையதல்லாத ஒரு கடனுக்காகத் தரையில் விழுந்து பந்தைப் பிடிப்பாரா என்பது அவருடைய ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருப்பதில்லை. பிடிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள், நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உங்கள் அணியின் மூன்று ஆண்டுகளைப் பற்றி என்னால் தீர்ப்புச் சொல்ல இயலாது. பயிற்சியாளர் தோல்விக்குப் பின் பேசும்போது யாரைப் பற்றிப் பேசுகிறார் என்று கவனியுங்கள்: தம் முடிவுகளைப் பற்றியா, வீரர்களின் தவறுகளைப் பற்றியா, தமக்கு முன் இருந்தவரைப் பற்றியா. முதல் ஆண்டில் முன்னவரைப் பற்றிப் பேசுவதில் நியாயம் உண்டு. மூன்றாம் ஆண்டிலும் அதையே பேசுகிறார் என்றால், அவரைக் கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்திருப்பவர்களையும் பாருங்கள். இருபது புள்ளிகள் பின்தங்கியிருக்கும்போது, உள்ளே ஆடுகிறவர்கள் வெளியே வரும்போதெல்லாம் அவர்கள் எழுந்து நின்று கைகொடுக்கிறார்களா?