‘டேக்’குக்கு முன்னால் ஒரு ‘ரெடி’

அன்புள்ள ஐயா,

காட்சித் தொடர்பியல் மாணவி நான். போன வாரம் முதல் முறையாக ஸ்டூடியோவில் மூன்று கேமரா வைத்து ஒரு பேட்டி எடுத்தோம். இயக்கும் பொறுப்பு எனக்கு. கண்ட்ரோல் ரூமில் எந்தத் திரையைப் பார்ப்பது என்றே புரியவில்லை. மூன்றாம் கேமராவுக்கு மாறச் சொல்லி நான் ‘டேக் த்ரீ’ என்பதற்குள் விருந்தினர் பாதி பேசிவிடுவார். ஒரு தடவை, கேமராமேன் ஃபோகஸ் பார்த்துக்கொண்டிருந்த ஷாட்டே பதிவில் போய்விட்டது. ஒற்றைக் கேமராவில் எடுத்து எடிட்டிங்கில் ஒட்டுவதுதான் எனக்குச் சரிப்படும் போலிருக்கிறது. இதை விட்டுவிடலாமா?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

விடாதீர்கள். உங்கள் கடிதத்தில் ‘டேக்’ இருக்கிறது, ‘ரெடி’ இல்லை. தடுமாற்றத்துக்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

‘ரெடி த்ரீ’ என்றதும் மூன்றாம் கேமராக்காரர் ஃபிரேமை அசைக்காமல் பிடித்துக்கொள்வார். கேமராவுக்குக் கேமரா மாற்றும் பலகையான விஷன் மிக்சரில் இருப்பவரின் விரல் மூன்றாவது பட்டனுக்குப் போய்விடும். அதன் பிறகு ‘டேக்’ சொல்ல அரை நொடி போதும். ஃபோகஸ் சங்கதியும் இதோடு சேர்ந்ததே. கண்ணுக்கு நெருக்கமாக ஜூம் போய், ஃபோகஸ் பிடித்து, மறுபடி பின்னால் வர வேண்டும். தன் படம் பதிவில் போகிறது என்று காட்டும் கேமராவின் சிவப்பு டேலி விளக்கு அணைந்திருக்கும்போதுதான் அதைச் செய்ய முடியும், உங்கள் கேமராமேனும் அப்போதுதான் செய்தார். சொல்லாமல் எடுத்தால் அவர் என்ன செய்வார்?

பதிவாகிக்கொண்டிருக்கும் திரைக்கு ஓரப் பார்வை போதும். கண் இருக்க வேண்டியது மற்ற இரண்டில். வேறு கேமராவுக்கு வெட்டியவுடன், ஓய்ந்த கேமராவுக்கு அடுத்த வேலையைச் சொல்லிவிடுங்கள்: “ஒன், ஹோஸ்ட் க்ளோஸப்.”

காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். கேள்வி முடியப்போவது குரலிலேயே தெரியும். விருந்தினர் மூச்சை இழுப்பார், லேசாக முன்னால் சாய்வார். வாய் திறப்பதற்குள் ‘டேக்’. தவறவிட்டால் துரத்தாதீர்கள். பாதி வாக்கியத்தில் வெட்டினால் பார்ப்பவருக்கு உறுத்தும். வாக்கியம் முடியட்டும், அல்லது இருவரும் தெரியும் வைட் ஷாட்டுக்குப் போங்கள். நடுக் கேமராவை அதற்காகவே வைத்துக்கொள்ளுங்கள். இடக் கேமரா வலப்பக்கம் இருப்பவரையும், வலக் கேமரா இடப்பக்கம் இருப்பவரையும் பார்த்தால் இரண்டு முகமும் நேராகக் கிடைக்கும்.

எடிட்டிங்கில் ஒட்டலாம் என்கிறீர்கள். 1951-ல் ‘ஐ லவ் லூசி’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரைப் பார்வையாளர்கள் முன்னால் மூன்று ஃபிலிம் கேமராக்களில் எடுத்து, பிறகுதான் வெட்டி ஒட்டினார்கள். ஆனால் எந்த வசனத்துக்கு எந்தக் கேமரா எங்கே நிற்க வேண்டும் என்பது ஒத்திகையிலேயே முடிவாகியிருக்க வேண்டும். நடிப்பும் சிரிப்பும் ஒரு முறைதானே நடக்கும்! அந்த ஒரு முறைக்காக எல்லோரும் சேர்ந்து தயாராவதுதான் இந்த வேலையில் எனக்குப் பிடித்தது.

என் கருத்தில், முதல் நாளே மாணவரை இயக்குநர் நாற்காலியில் உட்காரவைக்கக் கூடாது. அடுத்த பயிற்சியில் ஒரு கேமராவைக் கேட்டு வாங்குங்கள். ஹெட்செட்டில் ‘ரெடி’ வராமல் ‘டேக்’ மட்டும் வந்தால் கை எப்படிப் பதறுகிறது என்று தெரிந்துகொண்டு, அதன் பிறகு இயக்குங்கள்.